மூன்றாம் ஆண்டு வகுப்பின் மதிப்பெண்

தெலுக் இந்தான்,
14.7.2024

அன்புள்ள மாதுமைக்கு,

நலமா? வாட்ஸ்அப்பில் கேட்டால் சண்டையாகிவிடும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். ஆசிரியர் கல்லூரியில் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள் நாம். கல்வி இலாகா அதிகாரியாக எங்கள் தொடக்கப்பள்ளியை ஆய்வு செய்ய வந்து, நீ என் வகுப்பில் உட்கார்ந்தபோது பெருமையாக இருந்தது. இப்போது அறிக்கை வந்திருக்கிறது. பிள்ளைகளின் தரமறிந்து வேறுபடுத்திக் கற்பிப்பதில் எனக்கு நான்கிற்கு ஒரு மதிப்பெண்தான். தலைமையாசிரியர் என் மூன்றாம் ஆண்டு வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்.

அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு அலைந்தேன். உனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்தினேன், உண்மைதான். அந்த ஒரு நாளை வைத்து எழுதிவிட்டாயே. மாற்றித் தர முடியுமா?

உன்,
நவமணி


ஈப்போ,
21.7.2024

என் நவமணிக்கு,

டயாலிசிஸ் முடிந்து சுகுமாரன் அண்ணன் தேறி வரட்டும். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனாலும் மதிப்பெண்ணை மாற்ற மாட்டேன்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் தினேஸ்வரி இருந்தாள். பலகையில் நீ எழுதியதையெல்லாம் முத்து முத்தாக எழுதினாள். "வாசிம்மா" என்றேன். "பாத்து எழுத மட்டும்தான் தெரியும் டீச்சர். வாசிக்கத் தெரியாதுலா" என்றாள். நீ அவளைத் தாண்டிப் போகும்போது நோட்டைப் பார்த்து "குட்" என்றாய்.

உன் பாடம் அவளிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த ஒன்று. உன் சிரமத்தைத் தலைமையாசிரியரிடம் நானே வந்து சொல்கிறேன். கோபமென்றால் நன்றாகத் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாதுமை


தெலுக் இந்தான்,
8.9.2024

மாதுமைக்கு,

நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. கோபந்தான்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள், ஓய்வு நேரத்தில் தினேஸ்வரியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "பாத்து எழுதட்டுமா டீச்சர்?" என்றாள். "ஏம்மா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலையே டீச்சர்" என்றாள்.

இப்போது மற்றவர்கள் பத்தி எழுதும் நேரத்தில் அவளும் இன்னும் இரண்டு பேரும் என் மேசையருகே உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறார்கள். நேற்று முன்தினம் 'படகு' என்று தானாகவே வாசித்தாள். மறு ஆய்வு நடக்கும்வரை வகுப்பு என்னிடமே இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அதற்கு நீ வராதே. வேறு யாரையாவது அனுப்பு. நீ பின்னால் உட்கார்ந்தால் நான் உனக்காகப் பாடம் நடத்துவேன்.

வீட்டுக்கு வா. இவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முன்போல என்னால் உன்னிடம் சிரித்துப் பேச முடியுமா என்று தெரியவில்லை. வந்தால் சமைத்துப் போடுவேன்.

நவமணி