வேப்பிலை கட்டியிருந்த வீடு

19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? எஸ்.ஐ. மேடம் என்று எழுதாதே, அக்கா என்று எழுது, உன் பெயரும் ஊரும் போடாதே, படித்ததும் கிழித்துவிடு என்று பாலக்காட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். பதிலைக் கட்டப்பனை கான்வென்ட் சிஸ்டர் டின்சிக்கு அனுப்புங்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் இப்போதும் மூட்டைதான் தைக்கிறேன். ஏலக்காய் மூட்டைக்குள் கஞ்சா இருப்பதை உங்களுக்குச் சொன்ன நாள் முதல், எந்த மூட்டையையும் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் தைக்கிறேன். சூப்பர்வைசர் ஜோமோன் ஜாமீனில் வந்துவிட்டான். துப்புக் கொடுத்தது யாரென்று தேடுகிறான். என்மேல் சந்தேகம் இல்லை. ரெய்டு நடந்த அன்று என் வீட்டில்தான் அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துத் தேடினீர்களே. அந்த அரிசியைப் பொறுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அக்கா.

ஆனால் எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் நல்லதம்பியைச் சொல்கிறார்கள். “பதினாலு வீட்டுல பதிமூணுல ஏறி மிதிச்ச போலீசு, இவன் வாசப்படிய மட்டும் ஏன் மிதிக்கல?” என்கிறார்கள். ஏன் அக்கா?

தங்கச்சி

3.2.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அவர் வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது. குழந்தைக்கு அம்மை. பூட்ஸ் காலோடும் நாயோடும் எப்படி நுழைவேன்? எங்கள் ஊர் வடகரப்பதியில் வீட்டில் அம்மை கண்டபோது, அப்பாவே செருப்பை வேலிக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். கூட வந்த கான்ஸ்டபிள் கோபிநாத் அந்த வீட்டைக் காட்டினான். “அது வேண்டாம், விடுங்க” என்றேன். அவ்வளவுதான். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

‘அவரில்லை’ என்று நான் சொல்ல முடியாது. ஒருவரை இல்லை என்றால் அடுத்தவரைக் கேட்பார்கள். பதின்மூன்று வீட்டை இல்லை என்று சொல்லி முடித்தால் மிச்சம் இருப்பது நீ. பொறுத்துக்கொள். ஆறிப்போகும்.

அக்கா

13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறவில்லை. வேப்பிலையைப் பற்றிக் குழாயடியில் நானே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் சிரித்தாள். “போலீசாவது ஆத்தாளுக்குப் பயப்படுறதாவது. நல்லாத்தான் கதை விடுத” என்றாள்.

நல்லதம்பி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். சொன்னவன் எவன் ஒத்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். அவன் பெண்ணை ஸ்கூல் ஜீப்பில் ஏற்றுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை மழையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறது. என் மகள் நிமி ஜீப்பில் போகிறாள். “அவ அப்பா என்னம்மா செஞ்சாரு?” என்று கேட்கிறாள். நான்தான் என்று சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள்.

தங்கச்சி

29.8.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அனுமதி இல்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நேற்று கோர்ட்டில் ஜோமோனின் வக்கீல், தகவல் தந்தது யார் என்று மூன்று முறை கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஜட்ஜும் வற்புறுத்தவில்லை. எந்தக் காகிதத்திலும் உன் பெயர் கிடையாது.

வெளியே வராந்தாவில் ஜோமோன் நின்றிருந்தான். “நல்லதம்பிதானே, மேடம்?” என்றான். பேசாமல் ஜீப்பில் ஏறினேன். நான் பேசாததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான் என்று வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. இறங்கிப்போய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் உன்னைத் தேடுவான்.

எனக்கும் அலுத்துவிட்டது. பதினெட்டு வருஷ சர்வீஸில் என்னை நம்பிச் சொன்ன ஒருவரையும் நான் வெளியே விட்டதில்லை. நிமிக்காக வாயைக் கட்டிக்கொண்டு இரு.

அக்கா

9.9.2025
வண்டன்மேடு

அன்புள்ள இந்து அக்காவுக்கு,

திருவோணத்துக்கு முந்தின நாள் ஜோமோனின் ஆட்கள் நல்லதம்பியின் கையை உடைத்துவிட்டார்கள். வலது கை. இனி எப்படி ஏலக்காய் எடுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து குழாயடிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். “போலீசுல சொன்னது நாந்தான். நல்லதம்பி இல்ல” என்றேன். சின்னத்தாய் என் குடத்தை எடுத்து வரிசைக்கு வெளியே வைத்தாள்.

நீங்கள் கோபப்படுவீர்கள். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் முதுகில் ஒளிந்துகொண்டு இருக்க என்னால் முடியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து கதவில் மாட்டினார்.

நேற்று ஸ்கூல் திறந்தது. நல்லதம்பி மகளை ஜீப்பில் ஏற்றினார்கள். நிமியை ஏற்றவில்லை. “அவ இத்தன நாளு தனியாத்தான நடந்தா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சிஸ்டரை இனித் தொந்தரவு செய்ய வேண்டாம். இதைக் கிழிக்கவும் வேண்டாம். பதிலை என் பெயருக்கே போடுங்கள்.

சந்தனமேரி
க/பெ சூசையப்பன்
மூன்றாம் லயம், ஒன்பதாம் வீடு
வண்டன்மேடு