பச்சை வட்டம் விழுந்த இடம்

1993 ஜூலை 12, திங்கள்

விடியும்போதே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. நேற்றுப் பிடித்து வைத்த இரண்டு குடத்தில் சமையல், குளியல், இவருடைய ஷேவிங் எல்லாம். ஷேவிங்குக்கு ஒரு சொம்பு போதும் என்றேன். அதற்கு ஒரு முறைப்பு.

ஆபீஸில் மூன்று இங்க் பேனாவில் இரண்டு அடைப்பு. கடல் மேப்பின் நான்காவது பிரதி முடிந்தது. வெள்ளிக்கிழமை குப்பத்தில் கூட்டம், சர்க்கார், கம்பெனி, ஊர் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் கேட்டார், "கடல்ல என்ன வேலியா போடறீங்க?" சொன்னேன்.

பச்சை வட்டம்: பார். கடலுக்கடியில் பாறை, மீன் குஞ்சு பொரிக்கிற இடம். அங்கே வலையும் கூடாது, குழாயும் கூடாது.
பழுப்புக் கோடு: கம்பெனியின் கழிவுநீர்க் குழாய் போகப் போகிற வழி.
நீலம்: குப்பத்துக்காரர்கள் வலை விடுகிற இடம்.

"கலர் அடிக்கவா சம்பளம்?" என்றார். ரயில்வேக்காரருக்கு வேறென்ன தெரியும். மேப்பின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் இனிஷியல் இருக்கும். பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறேன். சீனியர் போஸ்டுக்கான ஃபைல் எல்.எஸ். சார் மேஜையில். எங்கள் இன்ஜினியர். அடுத்த மார்ச்சில் ரிட்டயர்.

ஜூலை 13, செவ்வாய்

காசியம்மா எட்டு மணிக்கு வந்தாள். ஐந்து வருஷமாக வருகிறாள், கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி. எங்கள் தெருவில் சத்தம் போடாமல் மீன் விற்கிற ஒரே ஆள். இன்று கூடையில் கொஞ்சம் காரப்பொடி மீன் மட்டும். படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா சொல்றது. எங்க வூட்டுக்காரரைத் தொழிலுக்குப் போவக்கூடாதுன்னு ஊர்ல நிறுத்திட்டாங்க. இது அடுத்தவங்க மீனு."

ஏன் என்று கேட்டேன்.

"போன வாரம் கம்பெனி படகு வந்து மெதவை போட்டுக்கினு போச்சு. இதான் அந்த மீன் பாரு, இங்க வலை வுடாதீங்கன்னு. நம்ம ஆளுங்க ஈயக்குண்டு எறக்கிப் பார்த்தா வெறும் சேறு. நாங்க எறா புடிக்கிற எடம். நெசமான பாரு வடக்கால கீது, சரியா கொழா வர்ற வழியில. மேப்பை நம்புங்கன்னு ஊர்ல நின்னு பேசுனது இவருதான. இப்ப கம்பெனிக்கு வெலை பூட்டாருன்றாங்கோ."

நான் டைப் அடிக்கிற வேலையில் இருப்பதாகத்தான் அவளுக்கு எண்ணம். ஏழுமலை என்று அவள் புருஷன் பெயரை எங்கள் கூட்டக் குறிப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசியம்மாவின் ஏழுமலை என்று இன்றுதான் தெரிந்தது. எதுவும் சொல்லவில்லை. காரப்பொடி முழுவதையும் வாங்கிக்கொண்டேன், அதுதான் என்னால் முடிந்த யோக்கியதை.

ஆபீஸில் மேப்பைத் திரும்ப அளந்தேன். குப்பத்துக்காரர்கள் ஏழுமலை மூலமாகச் சொன்ன அடையாளம் இரண்டு. படகிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் கோயில் கோபுரத்தோடு சேர வேண்டும். மேற்கே மலை உச்சி, கரையில் சவுக்குத்தோப்பின் முனையோடு சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம் பார். சர்வே தாளில் உச்சி முக்கோணம் போட்டுக் குறித்திருக்கிறது. ஸ்கேல் சரி, கோடு சரி. எங்கே தப்பு?

சாயங்கால ரயில். பல்லாவரம் வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தினமும் இரண்டு தடவை பார்க்கிற மலைதான். உச்சி இருந்த இடத்தில் பள்ளம். கல் உடைத்து உடைத்து வடக்குப் பக்கம் போயே போய்விட்டது. இப்போது உயரமாக இருப்பது தெற்குத் தோள். குப்பத்துக்காரர்கள் இருக்கிற மலையைப் பார்த்துச் சொன்னார்கள். நான் இல்லாத மலையை வைத்துக் கோடு இழுத்தேன்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தாம்பரம் வரும்வரை கழுத்தைத் திருப்பி மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, புதன்

கணக்குப் போட்டாயிற்று. மலையில் உச்சி தெற்கே அரை கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. நடுவில் தோப்பு முனை தராசு முள் மாதிரி, மலைப்பக்கம் தெற்கே போனால் கடல்பக்கம் வடக்கே போகும்; பார் வடக்கே கால் கிலோமீட்டர். பழுப்புக் கோடு அதன் வயிற்றின் மேலேயே போகிறது. காசியம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை.

எல்.எஸ். சாரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார்.

"கிரேஸ், இப்ப தப்புன்னு சொன்னா கம்பெனி என்ன சொல்லுவான் தெரியுமா? உங்க மேப்பே நம்பிக்கை இல்லை, பச்சையே வேண்டாம்பான். ரெண்டு வருஷமா கெஞ்சி வாங்கின பச்சைம்மா அது. வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகட்டும். அப்புறம் மெதுவா நகர்த்திக்கலாம்."

"குழாய் போட்டப்புறம் எதை சார் நகர்த்தறது?"

கெட்ட மனுஷர் இல்லை எல்.எஸ். சார், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பேன். சீனியர் ஃபைல் அவர் கைக்குக் கீழேயே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மகளுக்கு பேனா ரீஃபில் வாங்க மறந்துவிட்டேன். நாளைக்கு டெஸ்ட். திட்டு வாங்கினேன்.

ஜூலை 15, வியாழன்

மழை. ஸ்டேஷன் வாசலில் முழங்கால் தண்ணீர். குடத்தில் இல்லாத தண்ணீரெல்லாம் ரோட்டில்.

இவரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "எங்க ஷெட்ல ஒருத்தன் போல்ட் டைட் பண்ணலைன்னு தானே வந்து சொன்னான். மெமோ கொடுத்தாங்க. வண்டி தப்பிச்சுது" என்றார். பிறகு செய்தி பார்க்கப் போய்விட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர் சொன்னதில் இது ஒன்று உருப்படி.

பயம்தான். மேப் தப்பு என்று சொல்வதில் பயமில்லை. வரைந்தவள் நான் என்று காசியம்மாவுக்குத் தெரியப் போகிறதே, அதில்தான். என் படியில் உட்கார்ந்து புலம்பியவள்.

மத்தியானம் சாப்பிடாமல் புதுத் தாளில் வரைந்தேன். வட்டம் வடக்கே. பழைய தாளையும் புதிய தாளையும் ஒரே குழலில் சுருட்டி வைத்திருக்கிறேன். எதை எடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 16, வெள்ளி

திரும்பி வரும் வழியிலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்.

குப்பத்துப் பள்ளிக்கூடம். கூட்டம் பதினொன்றுக்கு. சர்க்கார் அதிகாரி ஒருவர், கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர், எல்.எஸ். சார், நான். ஊர்க்காரர்கள் பெஞ்சில். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே. சுவர் ஓரம் தனியாகத் தரையில் ஒருவர். யாரும் சொல்லாமலே தெரிந்தது, அதுதான் ஏழுமலை.

எல்.எஸ். சார் பேச ஆரம்பித்ததும் ஒருவர் எழுந்தார். "சேத்துல மெதவை போட்டு எங்களை ஏமாத்துறீங்களே சார். இந்த ஆளு கம்பெனிக்கு உள்ளாளுன்னு ஊருக்கே தெரியும்." ஏழுமலை தலையைத் தூக்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, கால் எழுந்துவிட்டது.

"மேப் வரைஞ்சது நான். அவர் சரியாத்தான் சொன்னார். மலை உச்சியைப் பழைய தாளிலிருந்து எடுத்துட்டேன். அந்த உச்சி இப்ப இல்லை. தப்பு என்னோடது. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

ஒரு கிழவர், "மலை மொட்டையான பொறவு நாங்க தெக்கு மேட்டைத்தான் பாக்குறோம். எந்த உச்சின்னு யாரும் கேக்கலையே" என்றார். இன்னொருவர், "கேட்டா மட்டும் சொல்லிகினு இருப்பியா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

புதுத் தாளைப் பிரித்தேன். மேனேஜர் குனிந்து பார்த்தார். "அப்போ எங்க பைப் ரூட் மாத்தணுமே மேடம். இது சாதாரண விஷயம் இல்லை. உங்க முதல் மேப்பை நம்பி எவ்வளவு வேலை ஆயிருக்கு தெரியுமா?" நியாயமான கேள்வி.

அப்போது எல்.எஸ். சார், "சரிபார்த்தவன் நான். மலையை நானும் போய்ப் பார்க்கலை" என்று சொல்லி, பேனாவை எடுத்துப் புதுத் தாளில் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

முடிவு: குழாய்க்கு இன்று கையெழுத்து இல்லை. மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டு போய் மேலிடத்தில் பேசுவார். திங்கட்கிழமை ஊர்க்காரர்கள் கூடப் போய் இடம் காட்டி மிதவையை மாற்றுவார்கள். ஏழுமலை நாளையே தொழிலுக்குப் போகலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜன்னலில் காசியம்மா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 17, சனி

அரை நாள் ஆபீஸ். சீனியர் ஃபைல் மேஜையில் இல்லை. "மேல அனுப்பிட்டேன், ஆனா நேத்து விஷயம் அவங்களுக்குப் போயிடுச்சு. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் எல்.எஸ். சார். சரி சார் என்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 18, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. எட்டு மணிக்குள் காசியம்மா வருவாள் என்று முதல் ஆராதனைக்குப் போகாமல் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து வருஷத்தில் ஞாயிறு தவறினதே இல்லை. நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். படியில் உட்கார்ந்தபோதே.

மத்தியானம் முட்டைக் குழம்பு.

ஜூலை 19, திங்கள்

தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் நிற்கும்போது புது மீன்காரி ஒருத்தி கேட்டைத் தட்டினாள். காசியம்மாவின் நாத்தனாராம், ஏழுமலையின் தங்கை.

"அண்ணன் மெதவைக்காரங்களுக்கு எடம் காட்டப் பூட்டாரு. அண்ணி கரையில கீது. ஒன்னாண்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு."

என்ன என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"கோவம் இன்னும் ஆறலையாம். ஆறுனதும் அதுவே வருமாம். அது வர்ற வரைக்கும் நீ வேற யாராண்டயும் மீன் வாங்கக்கூடாதாம்."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள். "நான் அதுக்கு நாத்தனார் தான. என்னாண்ட வாங்குனா அதுக்கு இன்னா தெரியப் போவுது?"

நல்ல வஞ்சிரம். கண் பளபளவென்று இருந்தது. இவருக்கு உயிர்.

வாங்கவில்லை. ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன்.