அசையாமல் நின்ற வளையம்

விருதுநகர்,
புதன்கிழமை.

அன்புள்ள ஹர்ஷினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமென்றுதான் எழுதுவாய், ஆனால் இம்முறை அதை நான் அப்படியே ஏற்பதாக இல்லை. சிவகாசிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு, காயவைக்க வழியில்லாமல் நம் பட்டாசுக் கம்பெனியில் வேலை நின்றிருக்கிறது, உன் தம்பி ஸ்ரீராம்குமார் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறான். அதனால்தான் ஞாயிறன்று நீ கைபேசி வீடியோவில் வீணைக்குச் சுருதி சேர்த்துக் காட்டியதை அவனும் பார்த்தான். இரண்டு தந்திகளின் ஒலியையும் ஒன்றுக்கொன்று குறுக்காகச் செலுத்தினால் கணினித் திரையில் ஒரு வளையம் தோன்றும், சுருதி சேராதவரை அது புரண்டுகொண்டேயிருக்கும், சட்ஜமமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்றாகப் பொருந்தியதும் அசையாமல் நிற்கும் என்றாய். அழகான கணக்கு, வாழ்நாளெல்லாம் கல்லூரியில் கணிதம் நடத்தியவளுக்கு அது புரியாமலில்லை. பிறகு வளையம் நின்றுவிட்டது பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே இரண்டு தந்திகளையும் மீட்டினாய். வளையம் நிற்கவில்லை, உன் கணினி உறைந்துபோயிருந்தது. திரை மூலையில் கடிகாரமும் ஓடவில்லை. பஞ்சமம் இறங்கிக் கிடந்தது. பாட்டென்றாலே எழுந்து ஓடும் உன் தம்பிகூட, என்னம்மா, வீணை இம்புட்டு அழுவுது, அக்கா சிரிக்காக என்றான். உனக்கு மட்டும் அது கேட்கவில்லை.

இதை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பா வெடி சோதிக்கும் திடலில் நின்று நின்றே காதைத் தொலைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், வெளிச்சத்தைப் பார்த்தே சத்தம் அருமை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நமுத்த சரக்கு பளிச்சென்று எரிந்து புஸ்ஸென்று அடங்கியது, அதற்கும் தலையாட்டினார். ஃபோர்மேன் பெத்தணன், மொதலாளி, வெளிச்சந்தான வந்துச்சு, சத்தம் எங்கன வந்துச்சு என்று கேட்டுவிட்டார். மதுரைக்கு அழைத்துப் போனபோது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நீயும் அந்தத் திடலில் விளையாடி வளர்ந்தவள். சில மாதங்களாக நான் எதைச் சொன்னாலும் என்ன, என்ன என்கிறாய், அப்புறம் சிக்னலைத் திட்டுகிறாய். ஞாயிறு முதல் எனக்கு உறக்கமில்லை. அதற்காக உருகி எழுதும் வழக்கமும் எனக்கில்லை. உன் வளையத்தின் மேல் எனக்கு ஒரு குறையுமில்லை, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

ஹெல்சிங்கிக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீண்ட ஆயுளும் கொஞ்சம் நல்ல புத்தியும் உனக்கு வாய்க்கட்டும். இந்த வாரமே காதைப் பரிசோதித்து, அங்கே தரும் கேட்புத்திறன் வரைபடத்தை எனக்கு அனுப்பு. நலம் என்று ஒரு வரி எழுதி ஒப்பேற்ற வேண்டாம். கோடு எங்கே இறங்கினாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் அம்மா,
லட்சுமிகாந்தம்