அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன்

உன் பலகைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். சாமந்தி. ஜன்னல் திறக்காத அறையில் கிடந்து அழுகி, தேங்கின தண்ணீர் வாடை அடிக்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது அதுதான். நீ கடைசியாக எழுதிய சமன்பாடுகளை யாரும் அழித்துவிடக் கூடாதென்று மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மூலையில் உன் புகைப்படத்தைச் செருகியிருக்கிறார்கள். மூன்றாவது வரி தப்பு. மாலை அதற்கும் சேர்த்துத்தான்.

எதிர் மேசையில் உட்கார்ந்து நான் வேலை பார்க்க வேண்டும். வருகிறவர்கள் பலகைக்கு முன் நின்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நீ ஒருநாளும் தாழ்த்தியதில்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "எவ்வளவு மென்மையான பெண்" என்றார். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். செத்த பிறகு உன்னைச் சாதுவாக்கிவிட்டார்கள், அதைக்கூட நீ தடுக்கவில்லை.

நான் ஆராய்ச்சிக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்த முதல் வாரம், கேன்டீனில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாய். நீ இங்கேயே குஷாய்குடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள், அப்பா அங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டாய்.

"சூப்பர்சிமெட்ரி நம்பறியா?"

"இத்தனை வருஷம் துகள மோதவிட்டுத் தேடியும் ஒண்ணும் கிடைக்கலயே" என்றேன்.

"அரே! போவன்பள்ளி மார்க்கெட்ல மொத கடையில கத்திரிக்கா இல்லன்னா, ஊர்லயே கத்திரிக்கா இல்லன்னு திரும்பி வர ஆளா நீ?"

"எல்லாக் கடையும் அடைச்ச பிறகும் பைய விரிச்சுட்டு நிக்குத ஆளா நீ?"

நீ சிரித்தாய். "நிக்குத" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டி, மறுபடி சிரித்தாய். நம் நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது. அதை நட்பு என்று இப்போது மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் அறியாத துணை ஒன்று உண்டு என்பது சூப்பர்சிமெட்ரி. எல்லாத் துகளும் நுண்ணிய இழைகளின் அதிர்வு, கண்ணில் படாத பரிமாணங்கள் சுருண்டு கிடக்கின்றன என்பது இழைக் கோட்பாடு. இரண்டையும் இங்கே சோதிக்க வழியில்லையென்றால் பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களிடம் போய்க் கேட்கலாம் என்று சொன்னவள் நீ. ஈர்ப்பைச் சுமக்கும் துகளுக்கும் ஒரு துணை இருக்கிறது, கிராவிட்டினோ. அது மிகுதியாக இருந்து தாமதமாகச் சிதைந்தால், அப்போதுதான் உருவான ஹீலியத்தை உடைத்துப் போட்டுவிடும். ஆனால் வானத்தில் ஹீலியம் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. ஆகவே கிராவிட்டினோக்களைக் குறைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் உன் யோசனை. சுருண்ட பரிமாணங்களின் அளவைத் தீர்மானிக்கும் புலம் ஒன்று உண்டு. அது சிதையும்போது பிரபஞ்சம் மறுபடி சூடாகும், புதிதாக வந்த துகள் கூட்டத்தில் பழைய கிராவிட்டினோக்கள் கரைந்துவிடும். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானா தண்ணி ஊத்தற மாதிரி" என்றாய். அழகாக இருந்தது. நானும் மயங்கினேன். சேர்ந்து எழுதத் தொடங்கினோம்.

பாதி எழுதிய பிறகு கேட்டேன். "நீ ஊத்துத தண்ணியே உப்புத் தண்ணியா இருந்தா?"

அந்தப் புலம் சிதையும்போதே புதிய கிராவிட்டினோக்களைக் கொட்டலாம். வேறு மாதிரிகளில் அது தெரிந்த ஆபத்து.

"நம்ம மாடல்ல வராது."

"கணக்கு போட்டுப் பாத்தியா?"

"போடவே வேணாம்டீ. 'புறக்கணிக்கத்தக்கது'ன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது."

நான் கணக்குப் போட்டேன். புறக்கணிக்கத்தக்கதாக இல்லை. ஹீலியம் தப்பவில்லை. தாள்களை உன் மேசையில் வைத்தேன். மேலே இருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தாய்.

"இப்ப இது நக்கோ. அடுத்த பேப்பர்ல பாக்கலாம். வெளிநாட்டுக்கு அப்ளை பண்ற சீசன், தெரியுமில்ல?"

"தப்புன்னு தெரிஞ்சே அனுப்புவியா?"

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? நீ சொல்றது தப்பா இருந்தா?" உன் ஹைதராபாத் உருதுவில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் ஏன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் என் பெயரை முன்பதிப்புத் தளத்தில் பார்த்தேன். அச்சாகும் முன்பே உலகம் முழுவதும் படிக்கும் தளம் அது. ஒருமுறை ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. உன் பெயர், அடுத்து என் பெயர், துறையின் வழக்கப்படி அகர வரிசையில். கீழே, இதழுக்கும் அனுப்பியாயிற்று என்ற குறிப்பு. முடிவுரையில் அந்த ஒரு வரி. நடைபாதையில் நின்று கத்தினேன். இரண்டு அறைக் கதவுகள் திறந்தன.

"ஏன்டீ கத்தறே? உன் பேரையும்தானே போட்டேன்" என்றாய். நிஜமாகவே புரியாதவள் மாதிரி.

அதன்பின் நாம் பேசவில்லை. அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன்னை மல்லாபூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்பதையெல்லாம் முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரியப்படுத்த வேண்டாமென்று நீதான் சொன்னாயாம். நல்லது. கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. உன்னிடம் நான் மன்னிப்பு கேட்கவும் இல்லை, உன்னை மன்னிக்கவும் இல்லை. இறந்துபோவது ஒரு வாதம் ஆகாது.

போன மாதம் இதழிலிருந்து மதிப்பீடு வந்தது. நீ இல்லாததால் எனக்கு அனுப்பியிருந்தார்கள். மதிப்பீட்டாளருக்குக் கட்டுரை பிடித்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: புலம் சிதையும்போது கிராவிட்டினோ உருவாவதைக் கணக்கிட்டீர்களா? கணக்கிட்டு, மிகச் சிறியது என்று ஆசிரியர்கள் உறுதிசெய்தால் போதும், வெளியிடலாம்.

நம் பேராசிரியர் என்னை அழைத்து உட்காரவைத்தார். அந்தப் பெண்ணின் கடைசிக் கட்டுரை, ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடு, திருத்தம் வேண்டுமென்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் உன்னைப் போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே உன் அப்பா போன் செய்தார்.

"அம்மா, பாப்பாவோட பேப்பர் எப்ப வருதும்மா? இங்க காலனியில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"அங்கிள், அதுல தப்பு இருக்கு."

மறுமுனையில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஒத்துக்கல."

"ஒத்துக்க மாட்டா" என்றார். "அவ இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"சண்டை போட்டிருப்பேன்."

"அப்ப போடும்மா. செத்துட்டான்னு கைக்கு விடறே?"

இதழுக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. தளத்தில் இருப்பது இருக்கட்டும். இப்போது நான் மட்டும் ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதில் உன் பெயரைச் சேர்க்க மாட்டேன். படித்து ஒப்புக்கொள்ளாத ஒருவரின் பெயரைப் போடக் கூடாது என்பதை நீ மதிக்கவில்லை, நான் மதிக்கிறேன். அதன் முதல் மேற்கோள் நம் கட்டுரைதான். அது தவறென்று காட்டுவதற்காக. உன்னோடு சேர்த்து என்னையும் மறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஓர் இடம் உறுத்துகிறது. அங்கே இரண்டு பங்களிப்புகள் வருகின்றன. அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் என் கணக்கு விழுந்துவிடும், நீ சொன்னதே சரியாகிவிடும். கழியாது என்று நிறுவியிருக்கிறேன். பேராசிரியர் பார்த்துவிட்டுச் சரி என்றார். எனக்கு அது போதவில்லை. என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறியோடு ஒருத்தி படிக்க வேண்டும். அப்படிப் படிக்கக்கூடியவள் நீ ஒருத்திதான் இருந்தாய். பேருந்தில், குளியலறையில், சோறு வடிக்கும்போது, உன் பக்கத்துக்கும் சேர்த்து நானே வாதாடுகிறேன். உன் அளவுக்கு எனக்குக் கெட்ட புத்தி வரவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தில் பெரும்பங்கு இதுதான்.

நன்றி சொல்லும் பகுதியில் உன்னைப் பற்றி ஒரே வாக்கியம்: "இந்த முடிவை அவள் ஏற்கவில்லை." அதை எடுத்துவிடச் சொல்கிறார் பேராசிரியர். இறந்தவளைப் பற்றி எழுதுகிற முறை இதுவல்லவாம், பெற்றவர்கள் பார்த்தால் மனம் நோவார்களாம். நான் உன் அப்பாவுக்குப் போன் செய்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எடுக்காதேம்மா" என்றார். "எல்லாரும் என்னென்னவோ சொன்னாங்க. இது ஒண்ணுதான் அவள மாதிரி இருக்கு."