முதல் பதிவு போடுகிறவர்களுக்கு

பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேங்காய் எண்ணெயில் ஏத்தன் வாழைக்காய் வறுபடும் மணம் வந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோயில் முன்னால் சிதறிக் கிடந்த தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாங்கும் எண்ணமில்லாமலே வறுவல் கடை முன் நின்று கால் கிலோ வாங்கினேன். சூடான பொட்டலத்தைப் பையில் வைத்தபோது, அந்தக் கடையின் மேல்மாடியில் நீங்கள் இப்போதும் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது அக்கா. ஜவுளிக்கடைக் கணக்குகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கையால் வறுவல் தின்றுகொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டு. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் ஜன்னலில் யாரோ சட்டை காயப் போட்டிருந்தார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் வலைப்பூத் தளத்தில் நீங்கள் நடத்திவந்த வரவேற்புப் பக்கத்தை மூடிவிடலாமா, இல்லை நான் எடுத்து நடத்துகிறேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் நீங்கள் தவறிப்போனதிலிருந்து அங்கே யாரும் ஒழுங்காகப் பதில் எழுதுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் காத்திருக்கிறார்கள், பிறகு காணாமல் போகிறார்கள்.

அந்தப் பக்கம் எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். முன்பு நாமெல்லாம் எழுதிவந்த தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் புதுத் தளத்துக்கு வந்தோம். இங்கே எல்லாம் ஆங்கிலம். எழுத வேண்டிய பெட்டி ஓர் இடத்தில், வெளியிடும் பொத்தான் இன்னோர் இடத்தில். பாதி வசதிகள் மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தன. கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் மென்பொருளுக்கு வழிகாட்டிகள் எழுதுவதுதான் என் வேலை என்பதால், நானே ஒரு வழிகாட்டி தயாரித்தேன். படங்கள், அம்புக்குறிகள், எண்கள். பெருமையோடு உங்களிடம் காட்டினேன். நீங்கள் பொறுமையாகக் கடைசி வரை பார்த்தீர்கள்.

“நல்லா இருக்கு மக்களே,” என்றீர்கள். என் ஒருத்தியையும் உங்கள் ஊர் வழக்கில் மக்களே என்றுதான் கூப்பிடுவீர்கள். “மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருப்பானே ஒரு சீட்டு, அது மாதிரி இருக்கு. அதை யாரு படிச்சிருக்கா?”

ஆனாலும் அதைப் பக்கத்தின் தலையில் போட்டீர்கள். அதற்குக் கீழே உங்கள் கையால் எழுதினீர்கள்: வந்தவுடனே எதையும் தேட வேண்டாம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து அந்தத் தளத்தில் புட்டும் பழங்கஞ்சியும் தோசையுமாக மணக்க ஆரம்பித்தது. ஒருவர் பட்டினி என்று மட்டும் எழுதினார். ஏன் என்று நீங்கள் கேட்டதற்கு, வீட்டில் சண்டை என்று அவர் எழுதிய பதில் இரண்டு பக்கம் போயிற்று. அவர் இன்றும் எழுதுகிறார்.

பாறசாலை டீச்சர் வந்த நாளை மறக்கவே முடியாது. வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டியதை அவர் பதிவாகப் போட்டுவிட்டார், அதுவும் தலைப்புக்கான பெட்டியில். ‘வரும்போது பால் வாங்கிட்டு வாங்க, பெரிய பாக்கெட்’ என்று சுவரொட்டி அளவு எழுத்தில் முகப்பில் நின்றது. என் வழிகாட்டியில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று நான் அவருக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே உங்கள் பதில் விழுந்தது: “வாங்கியாச்சு.” அதற்கடியில் இன்னொருவர், நானும் வாங்கியாச்சு. மற்றொருவர், நீலப் பாக்கெட்டா பச்சையா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே அவருக்குப் பால் வாங்கிவிட்டது. கடைசியில் இதற்கென்றே கணக்குத் தொடங்கிக்கொண்டு அவர் கணவர் வந்து, “நான்தான் வாங்கணும்னு நினைக்கேன்” என்று எழுதினார். நான் எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டேன்.

செல்வராஜ் அண்ணன் வந்தபோது மட்டும் சிரிப்பில் முடியாது என்று தோன்றியது. தம்பானூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். நம்மில் பலரைப் போல வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்திறங்கியவர்களிடம், கோயில் நடக்கிற தூரம்தான் என்று உண்மையைச் சொல்லி, அன்றைய முதல் சவாரியை இழந்த கதையை எழுதியிருந்தார். அழகான தமிழ், ஆனால் மொத்தமும் மலையாள எழுத்தில். தளம் எழுத்தைப் பார்த்து அதை மலையாளப் பகுதியில் கொண்டுபோய் வைத்தது. அங்கே உள்ளவர்கள் இது எந்த பாஷை என்று கேட்டார்கள். நம் பக்கத்திலோ வெளியூர்க்காரர் ஒருவர், தமிழ் எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று எழுதிவிட்டார். செல்வராஜ் அண்ணன் உங்களுக்கு ஒரு வரி அனுப்பினார்: “நான் போறேன் அக்கா. ரெண்டு வீட்டுலயும் எனக்கு இடமில்ல.”

மத்தியானம் எனக்கு போன் செய்தீர்கள். உங்கள் குரலில் விளையாட்டே இல்லை. எழுத்து எதுவானாலும் பதிவைத் தமிழ்ப் பகுதியில் சேர்க்க வழி உண்டா என்று கேட்டீர்கள். தேடினேன். மூன்று புள்ளிகளுக்குள் இருந்தது, மொழியை நாமே தேர்ந்துகொள்ளும் இடம். அதை வழிகாட்டியில் சேர்த்து முடிப்பதற்குள் நீங்கள் வேறு வேலை பார்த்திருந்தீர்கள். உங்கள் நாகர்கோவில் பேச்சை அப்படியே மலையாள எழுத்தில் எழுதி, ஒரு பதிவு போட்டிருந்தீர்கள். கூடவே அதை நீங்களே படித்துக் காட்டும் குரல்பதிவு. அந்த வெளியூர்க்காரரையும் பெயர் சொல்லி அழைத்து, எங்கள் ஊர் எழுத்து உங்களுக்குப் படிக்க ஓடாது, அதனால் கேட்டுப் பாருங்கள் சார் என்று எழுதியிருந்தீர்கள்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அதே எழுத்தில் பதிவு போட ஆரம்பித்தார்கள். எங்கள் கரமனைத் தெருவில் இருக்கும் மாமா, பத்திரிகைத் தமிழ் தவிர வேறெதுவும் எழுதாதவர், அன்று எழுதினார்: “நேக்கு மலையாள எழுத்துதான் வேகமா வரும். இத்தனை நாளும் வெட்கப்பட்டுண்டு யார்கிட்டயும் சொல்லலை.” மறுநாள் செல்வராஜ் அண்ணனின் இரண்டாவது பதிவு வந்தது. அதில் அவர் போகப்போவதைப் பற்றி ஒன்றும் இல்லை. மழைக்கு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி வேலை செய்யாததைப் பற்றித்தான் எழுதியிருந்தார். வெளியூர்க்காரர் அதற்கடியில், குரல்பதிவு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

அன்று நீங்கள் என்னையும் எழுதச் சொன்னீர்கள். எனக்குப் பழக்கமில்லை அக்கா. எல்லோருடையதையும் படிப்பேன், எல்லோருக்கும் வழி சொல்வேன். என்னுடையவை எல்லாம் வரைவுகளாகவே இருந்தன. என் வாசிப்பும் என் நாட்களும் எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைப்பவள். நீங்கள் வற்புறுத்தவில்லை. “வேண்டாம்னா வேண்டாம் மக்களே. ஆனா வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள விடுற ஆளு, தான் மட்டும் உள்ள வராம இருக்கிறது ஒரு மாதிரிதான், கேட்டியா?” என்றீர்கள். அதோடு விட்டுவிட்டீர்கள். இரண்டாம் முறை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் மறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

நீங்கள் போன பிறகு நானும் முயன்று பார்த்தேன். போன வாரம் ஒருவர், எழுதினது எங்கே போச்சு என்று கேட்டிருந்தார். எந்தப் பக்கத்தில், எந்தப் பட்டியலில், எதை அழுத்தினால் தெரியும் என்று பிழையில்லாமல் விளக்கினேன். அவர் நன்றி என்று எழுதினார். பிறகு வரவே இல்லை. என்னால் உங்களைப் போல் பேச முடியாது, பேசினால் நடிப்பாகத் தெரியும். அதனால் மூடிவிடுங்கள் என்று சொல்வதே நேர்மை என்று வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்ததும் அதைத்தான் நண்பர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறந்தபோது வழிகாட்டிக்குக் கீழே உங்கள் வரிகள் இருந்தன. எத்தனையோ முறை பார்த்தவை. அவை எனக்கும் சொல்லப்பட்டவை என்று இன்றுதான் உறைத்தது. புதிய பதிவைத் திறந்தேன். ‘காலையில் உப்புமா. பிடிக்காது. சாப்பிட்டேன்.’ அவ்வளவுதான். வெளியிட்டுவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தேன், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல்.

திரும்பி வந்தபோது ஒரு பதில் இருந்தது. எனக்குத் தெரியாத பெயர். நெய்யாற்றின்கரையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி.

“வாங்க. நீங்களும் புதுசா? பயப்படாதீங்க, நான் இந்த வாரம்தான் வந்தேன். இங்க ஒரு அக்கா எல்லாருக்கும் வழி சொல்லிக்கொடுப்பாங்களாம், இப்ப அவங்க இல்ல. அதனால வர்றவங்களை நாங்களே பார்த்துக்கிறோம். மேல படமெல்லாம் போட்டு ஒரு வழிகாட்டி இருக்கு, அதைப் படிக்காதீங்க, தலை சுத்தும். உப்புமாவுக்குப் பழம் பிசைஞ்சுக்கோங்க, இறங்கிடும்.”

சத்தமாகச் சிரித்துவிட்டேன் அக்கா. அம்மா அடுக்களையிலிருந்து என்னவென்று கேட்டாள். அந்த வழிகாட்டியை எழுதியது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சரி, படிக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். நண்பர்களுக்கு, பக்கத்தை மூட வேண்டாம், ஆள் வந்துவிட்டது, நான் அவருக்குத் துணையாக இருப்பேன் என்று அனுப்பினேன்.

உங்கள் பேச்சு எனக்கு வராது. தவறு செய்தவரைத் திருத்தும் முன் அவர் பக்கத்தில் கொஞ்சம் போய் நிற்பது மட்டும் வருகிறது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

படம் எப்படிச் சேர்ப்பது என்று அந்தத் தையல் கடைப் பெண்மணியிடம் கேட்டேன். இடப்பக்கம், கீழே என்றார். அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, காணவில்லையே என்று எழுதினேன்.

“அப்படியா? அப்ப வேற எங்கயோ இருக்கும்,” என்றார். “வாங்க, ரெண்டு பேருமா தேடுவோம்.”