இருமல் இல்லாத தொழுவம்

மேற்குக் குவிமாடம், செவ்வாய்க் கோள். எழுதுவது: மங்கையர்க்கரசி, கால்நடை மரபியலாளர்.

நாள் 212. காலை 6.10

வெப்பம் சீர். காற்று சீர். பதினாறு பசுக்களும் நலம். பால் எழுபது லிட்டர்.

கிழக்குக் குவிமாடத்தில் டாக்டர் பிலோமினாவின் மாடுகள் இரண்டு மடங்கு தந்தனவாம். நான் கேட்காமலேயே வானொலியில் சொன்னார்கள். குழந்தைகளோடு எல்லாரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். இங்கே நானும் மாடுகளும் மட்டும். பிள்ளைகள் வரைந்து அனுப்பும் படங்களில்கூட அவளுடைய கறுப்பு வெள்ளை மாடுதான். என் சாம்பல் நிறப் பசு மயிலையை ஒருவரும் வரைவதில்லை. வயிறு எரிகிறது. அதை எழுதிவைப்பதில் எனக்கு வெட்கமில்லை.

என் மாடுகளின் மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. நுரையீரல் நோய் அவற்றைத் தொடாது. அவள் மாடுகளுக்கு அந்த மாற்றம் கிடையாது. பாலை மட்டும் அளக்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

நாள் 219. பிற்பகல் 1.30

மயிலை கன்று ஈன்றது. அவள் பக்கமும் ஓர் ஈற்று. தாய்க்கு மடி சுரக்கவில்லை. வானொலியில் வந்தாள்:

"அக்கா, ஒங்க மயிலைக்க சீம்பால் கொஞ்சம் தருவியளா? கன்னு தளந்து கெடக்கு. வேற ஆருட்ட போய் கேப்பேன்?"

அவள் என்னிடம் கேட்டு நின்றது இனித்தது.

விதிப்படி சீம்பாலை ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்துக் கிருமி நீக்கித்தான் அனுப்ப வேண்டும். நான் வைக்கவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கன்றுக்குக் கறந்த சூடு ஆறாமல்தான் கொடுப்போம். சூடு காட்டினால் வீரியம் குறையும். என் மாட்டுப் பாலின் தெம்பை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று தூக்குவாளி நிறையப் பச்சையாகவே சரக்கு வண்டியில் அனுப்பினேன்.

நாள் 221. காலை 7.00

வாளி திரும்பி வந்தது. வெறும் வாளியாகத் தரக்கூடாதென்று அவித்த மரச்சீனிக் கிழங்கு வைத்திருந்தாள். ருசியாக இருந்தது. அதிலும் எரிச்சல்தான்.

நாள் 247. காலை 9.15

கிழக்கில் அந்தக் கன்று இருமுகிறது. கூடவே நான்கு பசுக்கள். அங்கே தொழுவம் தனிக் காற்றில் இருப்பதால் மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. அவள் மட்டும் முகக்கவசத்தோடு உள்ளே போகிறாளாம்.

என் தொழுவத்தில் ஒன்றுகூட இருமவில்லை. "உங்கள் வம்சம் பலவீனம், நான் அப்போதே சொன்னேன்" என்று எல்லாரும் கேட்க வானொலியில் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்று பால் கறக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

நாள் 263. மாலை 4.40

புழுதிப் புயல். வானொலியில் அனுப்பும் பகுதி எரிந்துவிட்டது. கேட்க மட்டும் முடிகிறது. என் தொழுவத்துக் கேமராவின் படம் மட்டும் கிழக்கில் அவர்களுக்குத் தெரியும்.

என் வம்சத்தின் பெருமையை அறிக்கையாக எழுத, மாடுகளைச் சோதித்தேன். பதினாறிலும் கிருமி. பாலில், மூச்சில், எங்கும். மயிலையிடம் மிக அதிகம். நோய் அவற்றைத் தொடாமல் இல்லை. தொட்டிருக்கிறது, அவை தாங்கிக்கொள்கின்றன. வெளியே காட்டாமல் பரப்புகின்றன.

அந்தத் தூக்குவாளியில்தான் போயிருக்கிறது.

இங்கே தொழுவமும் வீடும் ஒரே காற்று. என் சளியையும் சோதித்தேன். இருக்கிறது. எனக்கும் இருமல் இல்லை.

நாள் 264. காலை 8.20

"அக்கா, கடைசி மாடும் போச்சு. பிள்ளேளைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு எல்லாரும் அங்க வாறோம். ஒங்க தொழுவந்தான் இப்ப எங்களுக்கு கதி."

பலகையில் பெரிதாக எழுதிக் கேமராவில் காட்டினேன்: வராதீர்கள். கிருமி என் மாடுகளில்.

பதில் வந்தது:

"வாசிச்சோம். ஒங்க மாடு ஒண்ணுகூட இருமல்லியே அக்கா. எம் மாடு சாகும்போ சிரிச்சிய. இப்ப பிள்ளேளுக்க பாலிலயும் பொறாமையா?"

பலகையைத் திரும்பவும் தூக்கிக் காட்டினேன்.

நாள் 265. காலை

பால் இல்லையென்றால் அவர்கள் இங்கே வரக் காரணமில்லை. பூமியிலிருந்து கப்பல் வரும்வரை உலர் உணவு அங்கே இருக்கிறது. மாடுகளைச் சாகடிக்கும் ஊசியைப் போட ஆரம்பித்தேன். கேமராவை அணைக்கவில்லை. அவர்கள் பார்க்க வேண்டும்.

பதினைந்து முடிந்தது. மயிலை கடைசி. கையை நக்கியது. பிறகு அதுவும்.

கன்றுக்கு ஊசி போடக் கை வரவில்லை. வானொலியில் அவள் வந்தாள்:

"பாவி. எனக்கு இல்லன்னா ஆருக்கும் வேண்டாம்னு நெனச்சியளா? மத்தவங்க திரும்பிட்டாங்க. நான் வாறேன். அந்தக் கன்னையாவது எடுத்துட்டுப் போவேன்."

நாள் 265. நேரம் பார்க்கவில்லை

வெளிக்கதவுக்குள் வந்துவிட்டாள். கன்று அவள் குரலுக்குக் கத்துகிறது. என் குரலுக்கு ஒருநாளும் கத்தியதில்லை. இப்போதும் எரிகிறது.

உள்கதவை முதுகால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். கத்திச் சொன்னேன். நம்பவில்லை. அவள் மாடுகள் நல்லவை, நோய் வந்ததும் இருமிக் காட்டின. ஒரே ஒரு இருமல் வந்தால் போதும், அவள் நம்பிவிடுவாள்.

இருமிக் காட்டினேன்.

"நடிக்காதிய அக்கா. கதவ விடுங்க."

அவள் கை பலமான கை. தாழ்ப்பாள் நகர்