ஜன்னலோரப் பெண்ணின் வாய்மொழித் தேர்வு

ஜூலை 3
ஏழாம் வகுப்புக்குப் புவியியல் வாய்மொழித் தேர்வு. முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டு பேர் ஏதோ சொன்னார்கள். பாதி எந்தப் பாடத்திலும் இல்லை. ஜன்னலோரப் பெண் மட்டும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் அவளுக்கு ‘ம்யூட்’ என்று பட்டப்பெயர். மூன்று நிமிடம் காத்திருந்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் என் செருப்பைப் பார்த்தாள். இருபதுக்குப் பூஜ்யம் போட்டேன்.

ஜூலை 4
மனைவியிடம் சொன்னேன். “உங்களுக்கு வீட்டுல அந்தத் தேர்வு வெச்சா நீங்களும் முட்டைதான்” என்றாள். செய்தித்தாளை எடுத்து விரித்தேன்.

ஜூலை 8
தலைமையாசிரியை கூப்பிட்டார். “அந்தப் பொண்ண அடுத்த மாசம் தனி வகுப்புக்கு மாத்திடலாம் சார். நீங்க போட்ட மார்க்கே ஆதாரம்.”
தனி வகுப்பு என்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை, ‘படிப்பு வராது’ என்று ஒதுக்கிய ஐந்து பேர். நாள் முழுக்க மணி கோக்கிறார்கள். அவளை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 11
அவளுடைய அம்மா வந்தார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து வந்திருந்தார்.
“வீட்டுல வாய் ஓயாது சார். வெளி ஆளுங்க முன்னாடி மட்டும் ஒரு வார்த்தை வராது. பதற்றம், வற்புறுத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் போன்ல பதில் பேசி வெச்சிருக்கா. கேளுங்க.”
போனை மேசையில் வைத்தார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே கரகரவென்று ஒரு குரல்:
“பகல்ல காத்து கடல்லேருந்து நிலத்துக்கு வரும். சார் போர்டுல அம்புக்குறிய மாத்திப் போட்டுட்டாரு. எல்லாரும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான் எழுதல.”
பதினாறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். எந்த வருடத்திலிருந்து மாத்திப் போட்டுட்டு இருக்கேன்?

ஜூலை 12
அம்புக்குறியைத் திருத்தி வரைந்தேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்.

ஜூலை 15
தலைமையாசிரியையிடம் போனேன். பதிவு செய்த விடைக்கு மதிப்பெண் தரலாமா என்று கேட்டேன்.
“மத்த பிள்ளைங்களும் கேட்டா?”
“கேக்கட்டும் மேடம்.” நானா சொன்னேன்?
விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தோம். விடையை வாயால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. யார் முன்னால் என்று இல்லை.
“சரி, கையெழுத்த வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பொறுப்பு உங்களோடது.”
எழுதி முடிப்பதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அன்னிக்கு அவள அந்த ரூமுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டப்போ ஒரு தடவகூட யோசிக்கலையே — ஏன்?

ஆகஸ்ட் 2
அடுத்த தேர்வு. நேரில் சொல்லலாம், பதிவு செய்து அனுப்பலாம், என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம் என்று எல்லோருக்கும் அறிவித்தேன். பதினான்கு பேர் பதிவு என்றார்கள். அதில் ஒருத்தி வகுப்புத் தலைவி. அவள் கத்தல் தெருமுனை வரை கேட்கும். “பதில் சொல்ல எழுந்து நின்னாலே படிச்சதெல்லாம் மறந்துடும் சார்” என்றாள். எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6
ஜன்னலோரப் பெண்ணுக்குப் பத்தொன்பது போட்டிருந்தேன். மிக வேகமாகப் பேசியதற்கு ஒன்று குறைத்தேன். இன்று வகுப்பில் வழக்கம்போல ஒரு வார்த்தையும் இல்லை. சாயங்காலம் அவள் அம்மாவின் போனிலிருந்து பதினோரு விநாடிப் பதிவு ஒன்று வந்தது:
“வேகமாப் பேசினா மார்க் குறையும்னு நீங்க சொல்லவே இல்லையே சார். முன்னாடியே சொல்லியிருந்தா மெதுவாப் பேசியிருப்பேன்ல?”
இருபதாக்கினேன்.
சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “யாருங்க இந்த வாயாடி?”